நாலு விரற்கடை

பாகலூர் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
இங்கே யாருக்கும் சொந்த மேசை கிடையாது.
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கட்டினால்
காலியாக இருப்பதில் உட்காரலாம்.
நான் எப்போதும் பதினான்கில்,
கிழக்கு ஜன்னலோரம்.
ராயக்கோட்டைத் தக்காளி லாரிகள்
சிக்னலில் நின்று மூச்சு வாங்குவது தெரியும்.

நாற்காலி கடுகு நிறம்.
முதுகுக்கு வலை, கைப்பிடி இல்லை,
அழகுக்கென்று ஒரு தையல்கூட இல்லை.
வரைந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டானோ
என்று முதல்நாள் நினைத்தேன்.
உட்கார்ந்த பிறகு தெரிந்தது,
வேண்டாததையெல்லாம் அழித்துவிட்டுத்தான்
எழுந்திருக்கிறான்.
வலப்பக்கம் ஒரே ஒரு நெம்புகோல்.
எந்த உடம்போடும் வாதாடாத நாற்காலி.

மதியம் இரண்டுக்கு வருவேன்,
கெலமங்கலம் பஸ் தாமதித்தால் இரண்டரை.
நாற்காலி தாழ்ந்திருக்கும்
தினமும், சரியாக நாலு விரற்கடை.
மேசை நெஞ்சுவரை ஏறி நிற்கும்.
நெம்புவேன்.
ஒரு பெருமூச்சு விட்டு
என் உயரத்துக்கு வரும்.

சிப்காட்டில் ஆறு லேத் பட்டறைகளுக்கு
ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவள் நான்.
இருபது ரூபாய் உதைத்தாலே தூக்கம் வராது.
இந்த நாலு விரற்கடையை எந்தத் தலைப்பில் எழுத?

காலையில் யாரோ உட்காருகிறாள்.
குள்ளம்.
பாதம் தரையில் முழுசாகப் பதியவேண்டும் அவளுக்கு.
நாகரத்னா என்று நானே பேர் வைத்தேன்.
வெளியூர்க் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப்
பதில் எழுதுகிறவளாக இருக்கும்.
மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று அடித்தடித்தே
தோள் சரிந்தவள்.

புரட்டாசியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன்:
போகும்போது ஏற்றிவிட்டுப் போக முடியுமா?
மறுநாள் சீட்டு இல்லை.
நாலு விரற்கடை இருந்தது.
கறாராகப் பட்டுவிட்டதோ என்று
ஓர் இஞ்சி மிட்டாய் வைத்துவிட்டுப் போனேன்.
மிட்டாயும் இல்லை.
சரி, கோபமில்லை அவளுக்கு.
கார்த்திகைவரை பதினேழு மிட்டாய்.

இருபதாம் தேதி. கடைசி நாள்.
இரண்டுக்கு உட்கார்ந்தவள்
ஒன்பதரைவரை எழவில்லை.
நிமிர்ந்து பார்த்தால் சிக்னலைக் காணோம்.
கரண்ட் போகவில்லை.
லாரிகளின் ஹாரன் கேட்டது.
ஜன்னல் கட்டைதான் எழுந்து மறைத்துக்கொண்டிருந்தது
மதியம் முழுக்க எனக்குத் தெரிந்த சிவப்பை.
மேசை, நெஞ்சுவரை.

மறுநாள் ஜபியுல்லா வந்து
நாற்காலியைக் குப்புறப் போட்டுப் பார்த்தான்.
"கேஸ் கசியுதுக்கா.
குந்தக் குந்த மயிரிழை மயிரிழையா எறங்கும்.
குந்தியிருக்கவங்களுக்குத் தெரியாது."

"காலையில உட்காருறவங்களும் சொல்லலையே?"

மாப்போடு நின்ற புட்டம்மா சிரித்தாள்.
"காலைல யாரும்மா இங்க குந்தறா?
வெயிலு மூஞ்சில அறையுது.
சீட்டு குப்பைன்னு கூட்டிட்டேன்.
மிட்டாய் எனக்குன்னு நெனச்சேன்."

ஆக, அந்தக் குள்ளப் பெண் நான்தான்.
ஒன்பதரை மணி நான்.
ஏழரை மணி நேரத்தில் நாலு விரற்கடை இறங்கி,
இறங்கியது தெரியாமல்
பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினவள்.
மறுநாள் மதியம்
அவளைத்தான் திட்டிக்கொண்டே நெம்பியிருக்கிறேன்.
அவளுக்குத்தான் சீட்டு எழுதினேன்.
ஒரு மிட்டாய்கூட அவள் தின்னவில்லை.

புது சிலிண்டர் எழுநூற்றைம்பது.
இப்போது விட்ட உயரத்திலேயே நிற்கிறது.
கை மட்டும் பழக்கத்தில் வலப்பக்கம் போய்
வெறுமனே திரும்புகிறது.
ஆறு மணிக்கு ஒருமுறை எழுந்து
ஜன்னல்வரை நடக்கிறேன்,
சிக்னல் இருக்கிறதா என்று பார்க்க.

புட்டம்மாவுக்கு இஞ்சி ஆகாதாம்.
இத்தனை நாளும் பேரனுக்குத்தான் கொடுத்தாளாம்.
"வைக்கறதுன்னா
புளி மிட்டாயா வையி."